சரித்திரம் என்னும் சொல்லும் தங்கவயலின் வாசகர்களும்

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இருப்புப்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் ஒன்று அது. கடலுக்கும் அவ்வூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சோழமண்டலம் என்னும் சொல் ஐரோப்பிய வணிகரின் நாவில் கோரமண்டலாகத் திரிந்து, கீழைக் கடற்கரையின் பெயராகியது. அக்கடற்கரையின் பெயரை ஓர் ஆங்கிலேயத் தங்கச் சுரங்கக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கம்பெனி தோண்டிய சுரங்கத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அதே பெயர் நிலைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வேலை தேடி மேட்டுநிலத்துக்கு ஏறிய தமிழ்த் தொழிலாளர்கள், தங்கள் மொழியிலிருந்து புறப்பட்ட ஒரு சொல்லை ஆங்கிலத் திரிபோடு முகவரியாகத் திரும்பப் பெற்றார்கள்.

ஊரின் பெயர் சென்று திரும்பிய இந்த வழியிலேயே ஓர் இலக்கியக் கேள்வியும் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் நாவலின் பிறப்பை லண்டனிலிருந்து கற்கிறார்கள். டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் ஆகிய மூவரின் பெயர்களும், 1957இல் இயன் வாட் எழுதிய 'நாவலின் எழுச்சி' என்னும் ஆய்வுநூலின் வாதமும் தேர்வுத்தாளில் தவறாமல் இடம்பெறுகின்றன. நடுத்தர வர்க்கம் வளர்ந்தது, அச்சு பெருகியது, ஓய்வுநேரம் கிடைத்தது, தனிமனிதன் முதன்மை பெற்றான், ஆகவே நாவல் பிறந்தது என்பது அதன் எளிய சுருக்கம். தமிழ் நாவலின் வரலாறும் பெரும்பாலும் இந்த அச்சிலேயே வார்க்கப்படுகிறது. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1890களில் ராஜம் ஐயர், அவரை அடுத்து மாதவையா என்று வரிசை நீள்கிறது. ஆங்கிலக் கல்வி பெற்ற, அரசு வேலையிலோ அதன் அருகிலோ இருந்த ஒரு சிறு வட்டத்தின் கதையாக அது அமைகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே அச்செழுத்தைக் கையிலெடுத்தவர்கள் யார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. எழுந்தால் முதலில் பதில் சொல்லவேண்டிய ஊர்களுள் ஒன்று தங்கவயல்.

தொடக்ககால ஆங்கில நாவல், கற்றோர் அவையில் பிறந்த குழந்தை அன்று. இது பாடநூல்கள் சொல்லிவிட்டு விரைந்து கடந்துபோகும் உண்மை. 1678இல் 'மோட்சப் பிரயாண'த்தின் மூலநூலை வெளியிட்ட ஜான் பன்யன், பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலைச் செய்தவர். அனுமதியின்றிச் சமயப் பேருரை ஆற்றியதற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். டேனியல் டீஃபோ மெழுகுவத்தி வணிகரின் மகன். அரசுத் திருச்சபையோடு இணங்காத குடும்பத்தில் பிறந்ததால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வாயில்கள் அவருக்கு அடைபட்டன. தம்மைப் போன்றோர் நடத்திய தனிப் பள்ளியில் பயின்றார். எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்றுக்காக 1703இல் பொதுவெளியில் தண்டனை மரத்தில் நிறுத்தப்பட்டார். சாமுவேல் ரிச்சர்ட்சன் தச்சரின் மகன். அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கி அச்சகம் வைத்தவர். லத்தீனும் கிரேக்கமும் கற்ற புலவர் மரபு இவர்களைத் தன் பந்தியில் உட்காரவைக்கத் தயங்கியது. ஆங்கில உரைநடைப் புனைவின் அடித்தளத்தை அமைத்தவர்களில் பலர் அந்நாட்டின் அறிவு நிறுவனங்களுக்கு வெளியே நின்றவர்கள்.

அவர்கள் தம் நூல்களுக்கு இட்ட பெயரும் கவனத்துக்குரியது. 1749இல் வெளிவந்த ஃபீல்டிங்கின் நூல், பெற்றோர் அறியாத அநாதைக் குழந்தையான டாம் ஜோன்ஸின் 'ஹிஸ்டரி' என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. 1747 முதல் 1748 வரை வெளிவந்த ரிச்சர்ட்சனின் 'கிளாரிஸா'வும் ஓர் இளம்பெண்ணின் 'ஹிஸ்டரி'தான். அதுவரை சரித்திரம் மன்னர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் உரியது. வீட்டு வாசலில் கிடந்த குழந்தைக்கும், பூட்டிய அறைக்குள் கடிதம் எழுதும் பெண்ணுக்கும் சரித்திரம் உண்டு என்பது ஒரு துணிச்சலான உரிமைக்கோரிக்கை. இதே சொல்லைத்தான் தமிழின் முதல் நாவல்களும் தேர்ந்தெடுத்தன. 'பிரதாப முதலியார் சரித்திரம்', 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்' என மூன்றிலும் அச்சொல் தலைப்பில் நிற்கிறது. முதலியாருக்கும் பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் தமிழில் சரித்திரம் கிடைத்தது. அடுத்து வரவேண்டிய கேள்வி, தமிழ்ச் சமூகம் தீண்டத்தகாதோர் என ஒதுக்கியவர்களுக்கு யார் சரித்திரம் எழுதியது என்பது.

அதற்கும் விடை இருக்கிறது. நாவல் வரலாற்றின் அலமாரியில் அது வைக்கப்படவில்லை. 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' என்றாயிற்று. 1914 மே மாதம் அவர் மறையும் வரை இதழின் பெரும்பகுதியை அவரே எழுதினார். அவருடைய 'இந்திரர் தேச சரித்திரம்' அந்த இதழில்தான் தொடராக வந்தது. இன்று பறையர் என்றும் பஞ்சமர் என்றும் இழிக்கப்படுவோர் ஒரு காலத்தில் இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள்; அவர்கள் வீழ்த்தப்பட்ட கதையே இந்நாட்டின் மறைக்கப்பட்ட கதை என்பது அதன் மையம். வரலாற்றாய்வின் அளவுகோலில் அதன் முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். எடுத்துரைப்பு என்னும் அளவில், ஒரு மக்கள் கூட்டம் தன்னை நாயகனாக வைத்துச் சொல்லிக்கொண்ட பெருங்கதை அது. டாம் ஜோன்ஸுக்கு ஃபீல்டிங் கோரியதைப் பண்டிதர் ஒரு சமூகத்துக்கே கோரினார்.

அந்த இதழின் உயிர்நாடிகளில் ஒன்று தங்கவயலில் துடித்தது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் அமைந்தது. எம்.ஒய். முருகேசர், ஏ.பி. பெரியசாமிப் புலவர், இ.நா. அய்யாக்கண்ணுப் புலவர், ஜி. அப்பாதுரையார் முதலானோர் அங்கே இயங்கினார்கள். சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துப் பரப்பியது. சென்னையில் நின்றுபோன 'தமிழன்' 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், பாறையின் வெப்பத்திலும் சிலிக்காத் தூசியிலும் உழைத்தவர்களின் ஊர், மேலே வந்ததும் இதழ் நடத்தியது, நூல் பதிப்பித்தது, சமய வாதம் செய்தது. 'பௌத்தத்தின் சாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை 1907இல் எழுதிய பேராசிரியர் பி. லட்சுமிநரசுவின் சிந்தனையும் இந்த வட்டத்தில் புழங்கியது.

இதனை லண்டனோடு ஒப்பிடுவது வெறும் அலங்காரம் என்று சிலர் கருதக்கூடும். ஒப்பீட்டுக்கு அடிப்படையான செய்திகள் திடமானவை. முதலாவது விலை. 1719இல் 'ராபின்சன் குரூசோ' 5 ஷில்லிங்குக்கு விற்றது. 'டாம் ஜோன்ஸ்' ஆறு தொகுதிகளுக்கு 18 ஷில்லிங் வரை ஆயிற்று. அக்கால லண்டன் கூலித்தொழிலாளியின் வாரக்கூலி ஏறத்தாழ 10 ஷில்லிங்தான். நாவல் வாங்குவது உழைப்பாளிக்கு இயலாத செயல். அதனால்தான் 'ஒரிஜினல் லண்டன் போஸ்ட்' என்னும் மலிவு இதழ் குரூசோவைத் துண்டுதுண்டாக வெளியிட்டபோது அது வேறொரு வாசகக் கூட்டத்தை எட்டியது. பின்னர் வாடகை நூலகங்கள் பெருகின. பண்டிதர் தம் இதழுக்கு விலையையே பெயராக வைத்தார். ஒரு பைசா என்றால் காலணா; ரூபாயில் 64இல் ஒரு பங்கு. யாருக்காக எழுதப்படுகிறது என்பதை முகப்பிலேயே அறிவித்த இதழ் அது. கிராமத்தில் படியளப்பாகத் தானியம் பெற்றவர் தங்கவயலில் காசாகக் கூலி பெற்றார். காசு கையிலிருந்தால்தான் காலணா இதழும் கைக்கு வரும்.

இரண்டாவது, இதழியலுக்கும் புனைவுக்கும் உள்ள உறவு. 'தமிழன்' கதை இதழ் அன்று, அது வாத இதழ், அதை நாவல் வரலாற்றோடு சேர்ப்பது பொருந்தாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஜே. பால் ஹன்டர் 1990இல் வெளியிட்ட 'நாவல்களுக்கு முன்' என்னும் ஆய்வில் காட்டியதைப் போல, ஆங்கில நாவலின் வேர்கள் செய்தித்தாளிலும், துண்டுப் பிரசுரத்திலும், அறவுரையிலும், வாசகர் கேள்விகளுக்கு விடைசொல்லும் இதழ்களிலும் பரவிக்கிடக்கின்றன. 1691இல் ஜான் டன்டன் தொடங்கிய 'அத்தீனியன் மெர்க்குரி' வாசகர்களின் ஐயங்களையே சரக்காகக் கொண்டது. டீஃபோ 1704 முதல் 1713 வரை 'ரெவ்யூ' என்னும் இதழைப் பெரும்பாலும் தனியொருவராக எழுதி நடத்தினார். அதிலும் வாசகர் கேள்விகளுக்கு இடமிருந்தது. அந்த இதழில் பயின்ற கைதான் பின்னர் குரூசோவை எழுதியது. 'தமிழன்' இதழிலும் வாசகர்கள் சாதி, சமயம், சொற்பொருள், மருத்துவம் பற்றியெல்லாம் வினவினார்கள்; பண்டிதர் விடையளித்தார். லண்டனில் இத்தகைய இதழ்கள் 'நாவலின் முன்வரலாறு' என மதிப்புப் பெறுகின்றன. இராயப்பேட்டையிலும் தங்கவயலிலும் அவை 'சாதி இயக்க ஏடுகள்' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் அடைக்கப்படுகின்றன. ஒரே வகை எழுத்துக்கு இரு வேறு துலாக்கோல்.

மூன்றாவது, எழுதும் உரிமை. 1740இல் வெளிவந்த ரிச்சர்ட்சனின் 'பமீலா'வில் நாயகி பதினைந்து வயதுப் பணிப்பெண். எசமானின் அத்துமீறல்களைக் கடிதங்களிலும் குறிப்புகளிலும் எழுதி, தாள்களை ஆடைக்குள் ஒளித்துவைக்கிறாள். எசமானை அச்சுறுத்துவது அவள் எழுதுகிறாள் என்பதே. எழுதப்பட்டது சாட்சி ஆகிவிடும். வேலைக்காரியின் சொல் வீட்டுக்கு வெளியே போய்விடும். அந்நூல் வந்ததும் எழுந்த எதிர்ப்பின் ஒரு பகுதி இலக்கிய ரசனை சார்ந்தது. மறுபகுதி, வேலைக்காரிக்கு இத்தனை சொற்களா என்னும் மேட்டுக்குடி எரிச்சல் சார்ந்தது. அடுத்த ஆண்டே 'ஷமீலா' என்னும் கேலிநூல் வந்தது. பமீலாவின் முடிவு எசமானையே மணந்து சமரசத்தில் அடங்குகிறது என்பது உண்மை. எனினும் ஒரு பணிப்பெண்ணின் எழுத்தை எசமான் படித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையை அந்நூல் உருவாக்கிவிட்டது.

தங்கவயலில் இதற்கு நிகரான ஒரு வரலாற்று நிகழ்வு உண்டு. 1930இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவுசெய்ய முற்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தங்கத் திருட்டைத் தடுக்க என்ற பெயரில் தொழிலாளர் அனைவரையும் ஐயத்துக்குரியோராக நடத்தும் சட்டங்களும் சோதனைகளும் அங்கே முன்பிருந்தே நிலவின. ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' என்னும் நூல் மைசூர் அரசின் தொழிலாளர் வரலாற்றை விரித்துரைக்கிறது. அந்த வேலைநிறுத்தத்துக்குப் பொருளியல் காரணங்களும் நிர்வாகக் காரணங்களும் உண்டு. ஆயினும் அதற்கு ஓர் எழுத்துலகப் பின்னணியும் இருந்தது என்பதை மறக்கலாகாது. நான்கு ஆண்டுகளாகத் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. தங்கள் வரலாற்றையும் வழக்கையும் அச்சில் கண்ட மக்களிடம் நிர்வாகம் கேட்டது விரலின் மையடையாளத்தை. குற்றவாளியின் அடையாளமாக அறியப்பட்ட ரேகைப் பதிவும், அறிவுடையோன் என்று தன்னை நிறுவ முனைந்த ஒரு சமூகத்தின் எழுத்தும் நேருக்குநேர் மோதிய இடமாகவும் அந்நிகழ்வை வாசிக்க முடியும். பமீலாவின் எசமான் அவளது தாள்களைப் பறித்தான். தங்கவயலின் எசமானர்கள் தாள் தேவையில்லை, ரேகை போதும் என்றார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆங்கில நாவல் தன் குழந்தைப் பருவத்திலேயே இந்தக் கரைகளைத் தொட்டுவிட்டது. 1659இல் சோழமண்டலக் கரையில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், செப்பனிடுவதற்காகத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர்களில் ராபர்ட் நாக்ஸ் என்னும் இளைஞரும் ஒருவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இலங்கையின் உட்பகுதியில் சிறைவாழ்வு வாழ்ந்து, 1679இல் தப்பி மன்னார்ப் பகுதியில் டச்சுக்காரர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல், தனிமையில் பிழைத்திருக்கும் ஐரோப்பியனின் அன்றாடத்தை நுணுக்கமாகச் சொன்னது. குரூசோவுக்கு உரமிட்ட நூல்களில் அதுவும் ஒன்று என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1720இல் டீஃபோ வெளியிட்ட 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலிலோ நாக்ஸின் கதை சுருக்கமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. தீவில் தனித்துவிடப்பட்ட மனிதன் என்னும் உருவத்துக்குத் தென்னமெரிக்கக் கடல்கள் மட்டும் மூலம் அல்ல. தமிழ் பேசும் கடற்கரைகளும் அதன் பின்னணியில் உண்டு.

தங்கவயலைச் சுற்றிய மண்ணும் தப்பவில்லை. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை இதற்கு அண்மையில்தான் இருக்கிறது. 1827இல் வால்டர் ஸ்காட் எழுதிய 'அறுவை மருத்துவரின் மகள்' என்னும் கதையின் இறுதிப் பகுதி சென்னையிலும் மைசூர் அரசிலும் நிகழ்கிறது. ஹைதர் அதில் பக்கிரி வேடத்தில் வருகிறார். துரோகம் செய்த ஆங்கிலேயன் யானைக் காலில் மடிகிறான். ஸ்காட் இந்தியாவைக் கண்ணால் கண்டவரில்லை. 1799இல் திப்பு வீழ்ந்த பின் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் அதிகாரி 1802இல் இப்பகுதியின் சிற்றூர் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1870களில் மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் அகழும் உரிமை பெறுவதற்கு வாரனின் எழுத்தே தூண்டுகோல் என்பது தங்கவயல் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. ஒரே போரின் முடிவு ஸ்காட்டுக்குக் கதைக்களத்தையும், வாரனுக்குப் பொன்மண்ணையும் தந்தது. இரண்டிலும் அந்த மண்ணை அலசிய கைகளுக்குப் பெயர் இல்லை.

பொன்னைப் பற்றி டீஃபோவின் நாவலே ஓர் உண்மையைச் சொல்லிவைத்திருக்கிறது. உடைந்த கப்பலில் காசுகளைக் கண்ட குரூசோ, இத்தீவில் உனக்கு என்ன மதிப்பு என்று அவற்றை இகழ்கிறான். இகழ்ந்துவிட்டு மறு யோசனையில் எடுத்துக்கொண்டு போகிறான். தன்னோடு தப்பிவந்த க்ஸூரி என்னும் சிறுவனை அதற்கு முன்பே அறுபது வெள்ளிக் காசுக்கு விற்றிருக்கிறான். இறுதியில் அவனைச் செல்வனாக்குவது பிரேசில் தோட்டத்தின் வருவாய். கணக்கு போர்ச்சுகீசியப் பொற்காசில் வருகிறது. தனிமனிதனின் உழைப்பைப் போற்றும் நூல் என்று புகழப்படும் நாவலின் வரவுசெலவு ஏட்டில் அடிமையின் விலையும் தோட்டக்கூலியின் வியர்வையும் பதிவாகியுள்ளன. இதைத் தங்கவயலின் மாணவர் ஒருவர் படிக்கும்போது அவருக்குத் தோன்றும் கேள்விகள் லண்டன் மாணவருக்குத் தோன்றுபவை அல்ல. தங்கம் எங்கே போயிற்று, யாருடைய நுரையீரலில் தூசி தங்கிற்று என்பது அவர் வீட்டுக் கேள்வி. அந்தக் கேள்வியைப் பாடத்துக்குள் அனுமதிக்காத இலக்கியக் கல்வி, அவரைத் தன் ஊரிலிருந்து வெளியேற்றிய பிறகே நாவலுக்குள் நுழையவிடுகிறது.

ஐரோப்பிய அளவுகோலைக் கொண்டு தமிழ் உலகை அளப்பதே அடிமை மனம் என்றொரு மறுப்பும் எழலாம். தங்கவயலின் வாசகர்களுக்கு 'நாவலின் முன்னோடிகள்' என்ற பட்டம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி சரியானது, பட்டம் தேவையில்லை. இங்கே கடன் வாங்கவேண்டியது ஆங்கில நாவலின் பெருமையை அன்று. ஆங்கில நாவல் வரலாறு தன்னைத் திருத்திக்கொண்ட முறையை. மூன்று ஆண்களின் கதையாக இருந்த அவ்வரலாற்றை 1986இல் டேல் ஸ்பெண்டர் கேள்விக்கு உட்படுத்தினார். ஜேன் ஆஸ்டினுக்கு முன்பே எழுதிய நூறு பெண்களை நினைவூட்டினார். அஃப்ரா பெனும் எலைசா ஹேவுட்டும் சார்லட் லெனாக்ஸும் பாடத்திட்டத்துக்குள் வந்தது அத்தகைய உழைப்பின் விளைவு. நூல் விலை, அச்சுப்படி எண்ணிக்கை, நூலகப் பதிவேடு, வாசகரின் ஓரக்குறிப்பு ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, யார் படித்தார்கள் என்பதே முதற் கேள்வி என்று வேறு சிலர் காட்டினார்கள். தமிழிலும் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' அத்திசையில் ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசல் வழியே சுரங்கக் குடியிருப்புக்குள்ளும் நுழையவேண்டும்.

அங்கே நுழைவோர் கேட்கவேண்டியவை எளிய கேள்விகள். ஷிப்டு முடிந்து வந்தவர் இதழைத் தாமே படித்தாரா, எழுத்தறிந்த ஒருவர் படிக்கப் பிறர் கேட்டார்களா? ஒரு படி எத்தனை வீடுகளுக்குக் கைமாறியது? பெண்களுக்கு அந்த வாசிப்பில் இடம் இருந்ததா? கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த ஆங்கிலச் சுரங்க மேற்பார்வையாளர்களின் மெதடிஸ்ட் சபைப் பழக்கங்களும், 1793இலேயே வேப்பேரியில் தமிழில் அச்சான பன்யனின் நூலும், அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் தந்த 'இரட்சணிய யாத்திரிக'மும் இங்கிருந்த கிறித்தவக் குடும்பங்களின் வாசிப்பில் எவ்வாறு கலந்தன? பௌத்தரும் கிறித்தவரும் சைவரும் வைணவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த குடியிருப்பில் ஒருவரது நூல் மற்றவரது திண்ணைக்கு எப்படிப் போயிற்று? இவற்றுக்கு விடை காணாமல் தமிழ் வாசிப்பின் வரலாறு நிறைவு பெறாது.

விடை தேடுவதற்கான காலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்த சுரங்கங்கள் பின்னர் மத்திய அரசின் வசம் போயின. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அன்று வேலையிழந்தவர்களின் பிள்ளைகள் நாள்தோறும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். குடும்பங்கள் இடம்பெயரும்போது முதலில் எடைக்குப் போவது பழைய தாள்தான். பண்டிதரின் எழுத்து நமக்குக் கிடைத்ததே தற்செயலுக்கு அருகில்தான். அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் இதழ்ப் படிகளைப் பேணிவைத்திருந்தார்கள். ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியே வெளிவந்தது. அதன் பிறகே தமிழ் அறிவுலகம் ஒரு முழு நூற்றாண்டு தாமதமாக விழித்துக்கொண்டது. எழுதியவருக்கே இந்த நிலை என்றால், வாசித்தவர்களின் தடயங்கள் எவ்வளவு மெல்லியவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சந்தாச் சீட்டு, கையெழுத்திட்ட நூலின் முதற்பக்கம், சங்கக் கூட்டத் துண்டறிக்கை, பெட்டியடியில் கிடக்கும் சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடு ஆகிய இவையே அந்த வாசகர்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள்.

2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்.' திரைப்படங்கள் இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அவற்றில் தங்கவயலின் தொழிலாளி, காக்க வரும் ஒரு நாயகனுக்காகக் காத்துக்கிடக்கும் கூட்டம். 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' அந்த மக்களையே மையத்துக்குக் கொண்டுவந்தது. பௌத்த நினைவையும் தொட்டது. ஆயினும் திரையில் பெரும்பாலும் நிலைப்பது மண்வெட்டி பிடித்த கை. அதே கை காலணா கொடுத்து இதழ் வாங்கி விரித்த காட்சி இன்னும் தமிழரின் பொதுநினைவில் இடம்பெறவில்லை. உழைப்பாளியின் உடல் வலியை ஒப்புக்கொள்வதற்குச் சமூகம் ஓரளவு பழகிவிட்டது. அவரது அறிவை ஒப்புக்கொள்ள இன்னமும் கூசுகிறது. இலக்கிய வரலாறும் அந்தக் கூச்சத்துக்கு விலக்காக இல்லை.

செய்யவேண்டியவை பெரிய பொருட்செலவை வேண்டுபவை அல்ல. தங்கவயலிலும் கோலார் மாவட்டத்திலும் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் துறைகள், நாவலின் எழுச்சி என்னும் பாடத்தோடு இணைத்து அவ்வூரின் அச்சு வரலாற்றை ஒரு களப்பணியாக மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். கோரமண்டல், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் ஆகிய இடங்களின் வீடுகளில் எஞ்சியிருக்கும் அச்சுத்தாள்களை, உரியவரிடமிருந்து பறிக்காமல் அங்கேயே மின்படியாக்கித் திருப்பித் தரலாம். தமிழ்நாட்டின் ஆய்வு நூலகங்கள் மாநில எல்லையைத் தம் அக்கறையின் எல்லையாகக் கொள்ளாதிருக்கலாம். கர்நாடக நிறுவனங்கள் தமிழ்த் தாள்களை அயல்மொழிச் சரக்காக ஒதுக்காதிருக்கலாம். தமிழ் நாவல் வரலாறு எழுதுவோர் 'சரித்திரம்' என்னும் தலைப்பைத் தாங்கிய நூல்களின் பட்டியலில் 'இந்திரர் தேச சரித்திர'த்தையும் அருகில் வைத்து, அச்சொல் யார் யாருக்கு என்னென்ன செய்தது என்று கேட்கலாம்.

பன்யனின் பயணி, டீஃபோவின் தனியன், ரிச்சர்ட்சனின் பணிப்பெண் ஆகியோரை இலக்கியமாக ஏற்க இங்கிலாந்துக்குக் காலம் பிடித்தது. ஏற்றபோது அந்நாடு அவர்களுக்குச் சலுகை காட்டவில்லை; தன் வரலாற்றின் பிழையைத் திருத்திக்கொண்டது. பூமிக்கடியில் இறங்கிப் பொன் எடுத்துத் தந்தவர்கள் மேலே வந்து எதைப் படித்தார்கள் என்று கேட்பதும் அத்தகைய ஒரு திருத்தம். தாள்கள் எடைக்குப் போய்விட்ட பிறகு கேட்கப்படும் கேள்விக்கு யாரும் விடை சொல்ல இயலாது.